சிவன் கோயிலடியில் இறங்குவோர்: காங்கேசன்துறை வீதியும் யாழ்ப்பாணத்துச் சோனகரும்

வாப்பும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதி முழுவதும் அவருக்கு மனப்பாடம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலத்தில், இரவில் குப்பி விளக்கை அணைத்த பிறகு, பிள்ளைகளை உறங்க வைக்க அவர் கதை சொல்ல மாட்டார். அந்த வீதியைச் சொல்லுவார்.

"பெரியகடை... சத்திரத்துச் சந்தி... அங்கால கொஞ்சம் போனா சிவன் கோயிலடி. இறங்கு வாப்பா, வீடு வந்திட்டுது."

உறக்கம் வராத நாட்களில் நாங்கள் இறங்க மறுப்போம். "அதுக்கும் அங்கால?" என்று கேட்போம். "அங்கால நாச்சிமார் கோயிலடி, தட்டாதெரு, கொக்குவில், இணுவில், மருதனாமடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். பிறகு கடல். கடலுக்கங்கால போக ஏலாது, படுங்கோ." நாச்சிமார் கோயில் முதலோ தட்டாதெரு முதலோ என்று வாப்பாவுக்கும் அவருக்கும் சில இரவுகளில் வாக்குவாதமே நடக்கும்.

பல வருடங்கள் தமிழ் படிப்பித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் ஒரு விடயம் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவின் பெயர் அதில் இல்லை. சோனகதெரு, ஐந்து சந்தி, பெரிய பள்ளி எதுவுமே இல்லை. எங்கள் வீடு வந்துவிட்டது என்பதற்கு அவர் சொன்ன அடையாளம் ஒரு சிவன் கோயில். தன் வாழ்நாளில் ஒரு வக்து தொழுகையைக் கழாவாக்காத ஒரு முஸ்லிம் பெண், தன் வீட்டுக்கு வழி சொல்ல வைத்தீஸ்வரன் கோயிலைத்தான் வைத்திருந்தார். இதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை. அது கோயில் இருக்கிற இடம், வீடு அதற்கு மேற்கே. அவ்வளவுதான்.

இந்த வீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையில் தொடங்கி, கோயில்களையும் கல்லூரிகளையும் சொல்லி, துறைமுகத்தில் முடிப்பார்கள். மேற்கே திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. நம்மவர்கள் எழுதினாலோ 1990இல் தொடங்கி 1990இலேயே முடித்துவிடுகிறோம். இரண்டிலும் எனக்கு மனக்குறை உண்டு. வாப்பும்மா சொன்ன ஒழுங்கிலேயே இந்த வீதியை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

யாழ்ப்பாண நகரம் இன்றிருக்கிற இடத்துக்கு வந்தது போர்த்துக்கேயராலே. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. அரசர்களின் தலைநகரான நல்லூரை விட்டு, கடலோரத்தில் கோட்டை கட்டி அதைச் சுற்றி நகரை அமைத்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, ஐங்கோணக் கோட்டையாகத் திருப்பிக் கட்டினார்கள். வெளிப்புற அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்று வருடம் கழித்து, 1795இல், ஆங்கிலேயர் வந்து சண்டையில்லாமலே வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவு செலவழித்துக் கட்டிய அரண் ஒரு நாள் போருக்கும் உதவவில்லை.

அந்தக் கோட்டைப் பக்கத்திலிருந்து வடக்கே, குடாநாட்டின் மறுகரைக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர் போகிற வீதிதான் காங்கேசன்துறை வீதி. ஊரில் எல்லோருக்கும் அது கே.கே.எஸ். றோட்டு. தெற்கே பரவைக்கடல், வடக்கே பாக்குநீரிணை, நடுவிலே வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள்.

தொடக்கத்தில் இருப்பவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், முற்றவெளி, 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட பொது நூலகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். அவற்றைக் கடந்து பெரியகடைக்கு வருகிறேன்.

பெரியகடையைச் சுற்றியுள்ள இடப்பெயர்களைக் கவனிக்க வேண்டும். தட்டார் இருந்தது தட்டாதெரு. கன்னார் இருந்தது கன்னாதிட்டி. வண்ணார்பண்ணை என்பது வண்ணாரின் பண்ணை. புலவர்கள் அதை 'வண்ணை' என்று சுருக்கி, அந்தத் தொழிலை மறைத்து அழகாக்கிவிட்டார்கள். செட்டித்தெரு, சின்னக்கடை, சோனகதெரு என்று ஒவ்வொரு பெயரும் அங்கே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடும். சோனகர் என்ற சொல் பழைய நிகண்டுகளில் யவனரோடு சேர்ந்து வரும். கடல் கடந்து வந்த வணிகர் என்ற பொருளில் தமிழில் ஊறிப்போன சொல் அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் அதே சொல்தான். ஆகவே சோனகதெரு என்பது யாரோ வெளியிலிருந்து ஒட்டிய பெயரல்ல. மற்றத் தெருக்களைப் போலவே, தமிழ் தன் வழக்கப்படி இட்ட பெயர்.

சத்திரத்துச் சந்தியைக் கடந்து வடக்கே வந்தால் இடப்பக்கம் வைத்தீஸ்வரன் கோயில். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வைத்தியலிங்கச் செட்டியார் கட்டியது. வேலை 1780களின் இறுதியில் தொடங்கியது. போர்த்துக்கேயர் குடாநாட்டுக் கோயில்களை இடித்து ஒன்றரை நூற்றாண்டு போன பின்னர், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வணிகர் இவ்வளவு பெரிய சிவாலயம் எழுப்பினார் என்றால் காலம் மாறிவிட்டது என்று அர்த்தம். செட்டியார் குடும்பத்துக்கு நெருக்கமானவர் கூழங்கைத் தம்பிரான். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அவரை நன்னூல் உரைகாரராக அறிவார்கள்.

இதே கோயிலில்தான் 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கடுத்த வருடம் அச்சுக்கூடம். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறி போட்டு எழுதப் பழகியவர்கள் எல்லோருக்கும், நான் உட்பட, இந்த ஒரு மைல் தூரத்தில் ஒரு கடன் இருக்கிறது.

இப்போது மேற்கே திரும்புவோம்.

சோனகர் ஏன் இந்த வீதியின் மேற்குப் புறத்தில் இருக்கிறார்கள்? இதற்கு யாழ்ப்பாணத்தவரே எழுதிய ஒரு பதில் உண்டு. ஒல்லாந்து அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, முஸ்லிம்கள் முதலில் தென்மராட்சியில் உசன் பக்கம் வந்து குடியேறியதாகவும், பிறகு நல்லூரில், பழைய கந்தசுவாமி கோயில் இருந்த நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்ததாகவும் சொல்கிறது. அவர்களை அங்கிருந்து எழுப்ப விரும்பினார்கள். அவர்கள் இணங்கவில்லை. இரவில் அவர்களுடைய கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டார்கள். தண்ணீர் குடிக்க முடியாமல், நிலத்தை விற்றுவிட்டு, கடலோரமாக நாவாந்துறைப் பக்கம் போனார்கள்.

புலவர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன். வைபவமாலையின் எல்லாக் கதைகளையும் அப்படியே வரலாறாக எடுக்க முடியாது. மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகத்தை நம்பாதவர், இதை மட்டும் நம்ப வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அரசகுமாரியின் குதிரை முகம் ஒரு தலத்தின் பெருமைக்காகச் சொல்லப்படுவது. கிணற்றில் இறைச்சி போட்ட கதையால் யாருக்கும் பெருமை இல்லை. பெருமை தராத ஒன்றை, சொந்த ஊரைப் பற்றி எழுதும் ஒருவர் எழுதி வைத்தால், அதற்கு அடியில் ஏதோ நடந்திருக்கிறது என்று கொள்வதே நியாயம். நல்லூரை விட்டு எழும்பியவர்களின் பிள்ளைகளும், பின்னர் கடல் வழியே வந்து சேர்ந்தவர்களுமாக, நாவாந்துறைக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் இடையே ஊன்றிய ஊர் எங்களுடையது.

பெரிய முஹிதீன் ஜும்ஆ பள்ளிவாசல், முஹம்மதியா பள்ளிவாசல், மஸ்ஜித் மர்யம் என்று பள்ளிவாசல்கள். ஐந்து வழிகள் சந்திக்கிற ஐந்து சந்தி. ஜின்னா வீதி, ஆசாத் வீதி. பாகிஸ்தானைக் கேட்டவருக்கும் பிரிவினையை எதிர்த்தவருக்கும் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வீதி உண்டு. இரண்டும் நடந்து போகிற தூரத்தில்தான். அந்த இரண்டு பெயர்களையும் வைத்தவர்களுக்குள் எவ்வளவு சண்டை நடந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

இந்தத் தெருக்களிலிருந்து காங்கேசன்துறை வீதிக்கு ஏறி நடந்து போன பிள்ளைகளில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ். தகப்பனார் எஸ். எம். அபூபக்கர், புரொக்டர். சிறுவன் முதலில் ஓதியது அல்லாப்பிச்சைக் குர்ஆன் மத்ரஸாவில். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம். பெயரே சொல்லும், கோயிலின் பெயரில் எழுந்த பாடசாலை, இராமகிருஷ்ண மிஷன் நடத்தியது. அதன் பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில். குர்ஆன் மத்ரஸாவிலிருந்து இந்துக் கல்லூரி வரை ஒரு முஸ்லிம் பிள்ளையின் கல்வி இந்த வீதியின் இரண்டு பக்கத்திலுமே முடிந்துவிட்டது.

அந்தப் பிள்ளைதான் 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது நெற்செய்கையைப் பெருக்கினார். அங்கே முஸ்லிம் பிள்ளைகளின் படிப்பு நிலையைக் கண்டு மனம் வெதும்பி, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களில் எத்தனை பேருடைய வாப்பாமார் அந்தப் பணத்தில் பல்கலைக்கழகம் போனார்கள் என்று கேட்டால், பல கைகள் உயரும். 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 1961 வரை இருந்தார். 'இலங்கையில் இஸ்லாம்', 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' என்று தமிழில் எழுதினார். 1973இல் மௌத்தானார்.

அஸீஸ் அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் கல்முனையையும் கொழும்பையும் சொல்கிறோம். கொழும்பு முஸ்லிம் தலைவர்களில் பலர் தமிழை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்ட காலத்தில், மேடையில் நின்று 'இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே' என்று வாதாட அவருக்கு எங்கிருந்து துணிவு வந்தது? என் அபிப்பிராயம், இந்த ஒரு மைல் வீதியிலிருந்துதான். முஸ்லிமாக இருப்பதற்கும் தமிழில் தேர்ச்சி பெறுவதற்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சிறுவயதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருக்கு முன்னரும் அந்த வழக்கம் இருந்தது. முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர். நவரத்தினத் திருப்புகழ் பாடிய அசனாலெவ்வைப் புலவரும் அப்படியே. அவர் காலம் 1870 முதல் 1918 வரை. திருப்புகழ் என்ற வடிவத்தை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கத் தேவையில்லை. காலையும் மாலையும் காதில் விழுந்த சந்தம். அதை எடுத்துத் தன் மார்க்கத்துக்குப் பாடினார். நமது பல்கலைக்கழக மாணவர்களில் எத்தனை பேர் இவர்கள் இருவரையும் வாசித்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் பட்டம் முடித்த பிறகுதான் தேடிப்போனேன்.

புலவர்கள் ஒருபுறம் இருக்க, ஊரை நடத்தியது வியாபாரம். இரும்புக் கடை, தையல் கடை, நகைக் கடை, இறைச்சிக் கடை, லொறித் தொழில். வாப்பாவின் சிறியவாப்பா ஒருவர் சைக்கிளில் துணிக்கட்டு வைத்து, சந்தை நாட்களில் சுன்னாகம் வரை மிதிப்பார். காசு கையில் இல்லாத தோட்டக்காரர் புகையிலை விற்றதும் தருவார்கள். கொப்பி கிடையாது. "ஆர் ஆர் எவ்வளவெண்டு இஞ்ச இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவாராம். கொக்குவில் முதல் மல்லாகம் வரை எந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு முதல் மாதமே துணிக்குச் சொல்லி வைப்பார்கள்.

அவர் சைக்கிள் மிதித்த வழியே வேகமாகப் போவோம். 1902இல் யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை திறந்தது. 1905இல் அது கொழும்போடு இணைந்தது. அதற்குப் பிறகு வலிகாமத்து வெங்காயமும் புகையிலையும் வீதியால் மட்டும் போகவில்லை. இணுவிலில் 1898இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை. மதம் பார்க்காமல் எல்லாப் பெண்களும் பிள்ளை பெறப் போன இடம். வாப்பாவும் அங்குதான் பிறந்தாராம்.

மருதனாமடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் போவேன். அங்கே 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென்று நிறுவிய கல்லூரி இருக்கிறது. பெண் கல்விக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சோனகர் வரலாறு படிக்கிறவனுக்கு இராமநாதன் என்ற பெயர் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கும். 1885இல் சட்டநிரூபண சபையிலும், 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று அவர் வாதிட்டார். 1907இல் கொழும்பைச் சேர்ந்த ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். மேலே சொன்ன அஸீஸ் வேறு, இவர் வேறு. சட்டசபை ஆசனம் ஒன்று சோனகருக்குத் தனியாகக் கிடைக்குமா என்பதே அன்று கேள்வி. 1889இல் அது கிடைத்தது.

இந்த வாதத்தைப் பற்றி என் மாணவர்கள் கேட்பார்கள். "சேர், நாங்க தமிழரா இல்லையா?" நான் சொல்வது இதுதான்: என் மொழி எது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என் பெயர் என்ன என்று யாரும் எனக்காக முடிவெடுக்கவும் வேண்டியதில்லை. இராமநாதன் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறுத்தார். மறுத்து எழுதியவர்களில் சிலர் இரண்டாவதைக் காப்பாற்ற முதலாவதைக் கைவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, எங்களைத் தமிழர் என்று சொன்ன மண்ணிலிருந்தே 'நீங்கள் வேறு' என்று எங்களை அனுப்பினார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் 1888 கட்டுரையையும் வாசித்திருக்க மாட்டார்கள், 1907 மறுப்பையும் வாசித்திருக்க மாட்டார்கள்.

சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரின் ஊர். தெல்லிப்பழை அமெரிக்க மிஷனரிமார் 1816இல் முதன்முதல் ஊன்றிய இடம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், அதற்குரிய விக்கிரகம் வந்திறங்கியதால் காங்கேசன்துறை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை. பிறகு வாப்பும்மா சொன்ன கடல்.

1990 ஆம் வருடம் இந்த வீதிக்கு இரண்டு முனையிலும் நடந்ததைச் சேர்த்து எழுதியவர்கள் குறைவு. ஜூன் மாதம் போர் மறுபடி வெடித்தபோது, வடமுனையில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். மயிலிட்டி, காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழையின் பகுதிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகின. தொழிற்சாலை நின்றது. கோயில் தேர் நின்றது. வீதி தெல்லிப்பழையோடு முடிந்தது. ஒக்டோபர் மாதம் தென்முனையில் எங்கள் முறை. சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று நடந்து, 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகருக்கு வந்தது. காலையில் ஒலிபெருக்கி அறிவிப்பு. எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூட வேண்டும். கூடியவர்களிடம், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். உடுத்த உடையும் சில நூறு ரூபாயும்தான் கொண்டுபோகலாம். நகையும் பணமும் காணி உறுதிகளும் வழிச் சோதனைகளில் போயின. வடமாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேல்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று நடந்ததில் என் ஞாபகத்தில் உள்ளதை வேறிடத்தில் எழுதியிருக்கிறேன், இங்கே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்களை ஏற்றிய லொறி கிழக்கே போனது. வாப்பும்மா மேற்கையும் வடக்கையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிவன் கோயில் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்தாராம். பின்னொரு நாள் அவரே சொன்னார்.

வீதியின் வடமுனையை வெறுமையாக்கியது அரச படை. தென்முனையை வெறுமையாக்கியது அந்தப் படையோடு சண்டை பிடித்தவர்கள். நான்கு மாத இடைவெளி. நடுவே இருந்தவர்களுக்கும் ஐந்து வருடம்தான் மிச்சமிருந்தது. 1995இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தது. கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று வாப்பும்மா எண்ணிய எல்லா ஊரும். புத்தளத்தில் வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டபோது, கொட்டிலில் சிலர், "இப்ப தெரியும் அவையளுக்கு" என்றார்கள். வாப்பும்மா கோபத்தோடு எழும்பி, "சின்னப் பிள்ளையள் நனைஞ்சு போகுதுகளாம், வாயை மூடுங்கோ" என்றார். துணிக்கட்டோடு போன சிறியவாப்பாவிடம் கடன் வைத்த வீடுகள் எல்லாம் அன்று அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கும்.

2002 சமாதானக் காலத்தில் சிலர் திரும்பிப் பார்க்கப் போனார்கள். 2009க்குப் பிறகு இன்னும் சிலர் குடியிருக்கவே போனார்கள். ஒரு பகுதியினர் மட்டுமே. சுவர் மட்டும் நின்ற வீடுகள், கூரை போன பள்ளிவாசல்கள், மற்றவர் குடியிருந்த காணிகள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் வாப்பாமாரின் ஊர், அவ்வளவுதான். எந்தப் பட்டியலில் பதிவது, எங்கே வாக்களிப்பது, எங்கே வீட்டுத்திட்டம் கேட்பது என்பது இன்றும் தீராத பிரச்சினை. வடமுனையிலும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன. 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்ப ஓடியது. மக்கள் முழுவதும் திரும்பவில்லை.

இந்தக் கட்டுரைக்காக ஊரவர்களின் பழைய காணி உறுதிகளின் பிரதிகள் சிலவற்றைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து உறுதியில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். விஸ்தீரணம் பரப்பிலும் குழியிலும் இருக்கும். நான்கு எல்லையும் எழுதியிருக்கும். வடக்கே இன்னாருடைய காணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே வேறொருவருடையது, கிழக்கே இன்ன வீதி என்று. சோனகர் காணிக்குச் சைவர் எல்லை, சைவர் காணிக்குச் சோனகர் எல்லை. எங்கள் ஊரின் வரலாற்றுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. வாசகர்களில் யாரிடமாவது 1990க்கு முந்திய உறுதியோ, கடைப் பற்றுச்சீட்டோ, பள்ளிவாசல் கணக்கேடோ, கலியாணப் பதிவோ இருந்தால், பெட்டியிலேயே கறையான் தின்ன விடாமல் ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள். வழி சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும். 'எங்கட வீட்டுக்கு எப்பிடிப் போறது?' என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

வாப்பும்மா புத்தளத்திலேயே மௌத்தானார். நான் சில வருடங்களுக்கு முன்னர் ஒருநாள், அவர் சொன்ன பட்டியலை மறுபக்கத்திலிருந்து பார்ப்போம் என்று காங்கேசன்துறைக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். நாச்சிமார் கோயில் தட்டாதெருவுக்கு முந்தியோ பிந்தியோ என்று பார்த்து வைக்கத்தான் நினைத்திருந்தேன், நடத்துநர் அந்த நேரம் பார்த்து என்னிடம் வந்து நின்றார்.

"எங்க இறக்கம்?"

"சிவன் கோயிலடி."

என் தொப்பியைப் பார்த்தார். "சோனகதெருவுக்கோ? ரவுணில இறங்கி ஓட்டோ பிடிச்சா லேசு, சேர்."

"இல்ல, சிவன் கோயிலடிதான்" என்றேன்.

சரி என்று டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார்.